வீட்டுத் தொட்டியில் எந்தத் தாமரை?

ஆரணி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பட்டுப்புடவை. அடுத்தது அரிசி. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டு, புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. தண்ணீர்! பட்டுநூலின் பசையை நீக்கவும், சாயம் போடவும், அலசவும் தண்ணீர் வேண்டும். நெல்லுக்கோ ஏரி நிறைய வேண்டும்.

தாமரையும் இந்த ஊருக்குப் புதிதில்லை. புடவையின் உடலில் புட்டாவாகப் பூக்கும், கோயில் குளத்தில் பூக்கும். இப்போது மூன்றாவதாக ஒரு இடம் சேர்ந்திருக்கிறது. வீட்டு முற்றத்தில் சும்மா கிடக்கும் சிமெண்டுத் தொட்டி, மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் டப், கொஞ்சம் வசதி இருந்தால் தோட்டத்தில் ஒரு குட்டிக் குளம். யூட்யூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டால் போதும், எல்லோருக்கும் ஆசை வந்துவிடுகிறது.

நல்ல ஆசைதான். அதில் தப்பே இல்லை. பிரச்சினை, அந்தத் தொட்டியில் என்ன செடியைப் போடுகிறோம் என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் நர்சரிக்குப் போகிறான்.

"அண்ணே, தாமரைக் கிழங்கு இருக்கா?"

"இருக்கு தம்பி. ஆனா அது மண்ணு போடணும், வெயில் பார்த்து வைக்கணும், பூக்க நாளாகும். இதை எடுத்துக்கோ. தண்ணியில சும்மா போட்டா போதும், தானா பெருகும். ஊதாப் பூ பூக்கும். விலைகூட கம்மிதான்."

பையனுக்கு சந்தோஷம். ஆனால் "தானா பெருகும்" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னாரே, அதுதான் அந்தச் செடியின் உண்மையான விலை.

அது என்ன செடி?

வெங்காயத்தாமரை. இலைக்காம்பு வெங்காயம் மாதிரி உப்பி இருப்பதால் அந்தப் பெயர். பத்திரிகைகளில் 'ஆகாயத்தாமரை' என்று எழுதுவதும் பெரும்பாலும் இதைத்தான். (பழைய சித்த மருத்துவ நூல்களில் வரும் ஆகாயத்தாமரை வேறு. அது முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கும் பிஸ்டியா. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெயரில் தாமரை இருக்கிறதே தவிர, தாமரைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் பூக்களில் ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல் எல்லாம் இருக்கின்றன. வெங்காயத்தாமரை இல்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால் இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'பூ அழகாக இருக்கிறதே' என்று அலங்காரச் செடியாக வங்காளத்துக்கு வந்து சேர்ந்தது. அதாவது இதுவும் முதலில் யாரோ ஒருவருடைய தோட்டக் குளத்துக்குத்தான் வந்தது!

பிறகு நடந்தது சரித்திரம். ஆறுகளில் படகு போக முடியவில்லை, நெல்வயல்கள் மூழ்கின. 1936ல் வங்காளத்தில் இந்த ஒரு செடிக்காகவே தனிச் சட்டம் போட்டார்கள். 1937 தேர்தலில் முக்கியக் கட்சிகள் எல்லாம் 'வெங்காயத்தாமரையை ஒழிப்போம்' என்று வாக்குறுதி கொடுத்தன. இலவசங்களை வாக்குறுதியாகக் கேட்டுப் பழகிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஒரு களைச்செடி தேர்தல் பிரச்சினை ஆகும் அளவுக்குப் போயிருக்கிறது.

இன்றைக்குத் தாமிரபரணியில் இருந்து கோயம்புத்தூர் குளங்கள் வரை இதே கதைதான். தன்னார்வலர்களும் பொக்லைனும் சேர்ந்து அள்ளுகிறார்கள். அடுத்த வருஷம் திரும்பவும் அள்ளுகிறார்கள்.

கூட்டு வட்டிக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சாதகமான சூழ்நிலையில் வெங்காயத்தாமரை சுமார் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். பத்துச் செடியோடு ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் 20, நாலு வாரத்தில் 40. இருபது வாரத்தில்? பத்து முறை இரட்டிப்பு. 10 x 1024 = 10,240 செடிகள்! இந்த வட்டியை எந்த பேங்க்கும் கொடுக்காது :-)

வீட்டுத் தொட்டியில் 10,240 செடிக்கு இடம் இருக்காது. அதனால் என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவுவார்கள். அதிகமான செடியை அள்ளித் தெருச் சாக்கடையில் போடுவார்கள். இல்லையென்றால், 'உயிருள்ள செடியாச்சே, பாவம்' என்று நல்ல மனசோடு ஏரியிலேயே கொண்டுபோய் விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நிரம்பி வழிந்து, செடி தானே கிளம்பிவிடும்.

வட தமிழ்நாட்டில் ஏரிகள் பெரும்பாலும் சங்கிலியாக இருப்பவை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கால்வாயில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். அங்கிருந்து அதற்கும் கீழே. கடைசியில் ஆறு. கமண்டல நாகநதி செய்யாற்றில் சேருகிறது. செய்யாறு பாலாற்றில் சேருகிறது. தண்ணீருக்காக முன்னோர்கள் அமைத்த இந்தப் பாதை, மிதக்கும் செடிக்கு இலவச பஸ் பாஸ் மாதிரி. ஒரு தொட்டியில் கிளம்பிய செடிக்குப் பல ஊர் ஏரிகள் வரைக்கும் வழி திறந்திருக்கிறது.

ஏரியை மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது. செத்து அழுகும் செடி தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீன் சாகும். மதகு அடைத்துக்கொள்ளும். கடைமடை நிலத்துக்குத் தண்ணீர் வராது. செடி பூத்து விதை விட்டால், அந்த விதை சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும். பதினைந்து, இருபது வருஷம்கூட!

இப்போது வரவு செலவு எழுதிப் பாருங்கள். வரவு: ஒரு வீட்டுக்குச் சில மாதம் ஊதாப்பூ. செலவு: ஏரியை நம்பிய விவசாயிக்கு, மீன் ஏலம் எடுத்தவருக்கு, பொக்லைன் வாடகை கொடுக்கும் உள்ளாட்சிக்கு. லாபம் ஒருவர் கணக்கில், நஷ்டம் ஊர்க் கணக்கில். பொருளாதாரப் பாடத்தில் 'புறவிளைவு' என்று படித்துவிட்டு மார்க் வாங்குகிறோமே, அது இதுதான்.

"சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுமாமே?"

ஆரணி மாதிரி ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வெங்காயத்தாமரை தண்ணீரில் இருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ், சில உலோகங்களை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. உறிஞ்சியது எங்கேயும் காணாமல் போவதில்லை, செடிக்குள்ளேயே இருக்கும். செடியை வெளியே எடுக்காவிட்டால், அது அழுகும்போது எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். உலோகம் உறிஞ்சிய செடியை மாட்டுக்கும் போட முடியாது, உரமாகவும் போட முடியாது. மூடிய தொட்டிகளில், ஆள் வைத்து, நேரத்துக்கு அறுத்து எடுத்தால் பயன் உண்டு. 'ஏரியில் கிடக்கட்டும், அதுவே சுத்தம் பண்ணிக்கொள்ளும்' என்பது சோம்பேறித்தனத்துக்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிடுவது.

இன்னொரு விஷயம். கழிவுநீர் கலந்த ஏரியில்தான் இந்தச் செடி செழித்து வளரும், அதற்கு வேண்டிய சாப்பாடு அங்கே இருப்பதால். இதைத் தின்னும் கூன்வண்டுகளை 1980களில் வெளிநாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து ஏரிகளில் விட்டார்கள். பலன் கிடைத்தது, ஆனால் வண்டுக்கு வருஷக்கணக்கில் நேரம் வேண்டும். கழிவை நிறுத்தாமல் செடியை மட்டும் குறை சொன்னாலும் வேலைக்கு ஆகாது.

அப்படியானால் வெளிநாட்டுச் செடி எல்லாமே வில்லனா?

இல்லை. ஹைட்ரில்லா என்று ஒரு நீர்க்கொடி. இங்கே குளத்தில் குளிக்கும்போது காலில் சிக்குமே, அது. ஆசியாவில் இது சாதாரணம். 1950களில் மீன்தொட்டி வியாபாரம் மூலமாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அந்த ஊர் ஏரிகளுக்கெல்லாம் பெரிய தலைவலி ஆகிவிட்டது. அவர்கள் செடி இங்கே தொல்லை, இங்கத்திய செடி அங்கே தொல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்துச் செடியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு செடி தொட்டியைத் தாண்டினால் அங்கே அதைத் தின்ன, அடக்க ஏதாவது இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இலங்கையில் 1939ல் சால்வீனியா என்ற மிதக்கும் பெரணியைக் கொழும்புப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குக் கொண்டுவந்தார்கள். படிப்பதற்காக வந்த செடி வெளியே தப்பித்து நெல்வயல்களில் பரவியது. தெரிந்தவர்கள் கையில் இருந்தே தப்பிக்கிறது என்றால், மொட்டைமாடி டப் எம்மாத்திரம்?

2020ல் கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்தது. போட்டோ இணையத்தில் பரவி, கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். அது மீன்தொட்டிகளில் அழகுக்காக வைக்கும் கபோம்பா. அதுவும் தென் அமெரிக்கச் செடிதான். செல்ஃபிக்கு அழகு. ஓடைக்கு? தண்ணீரை அடைத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் செடிகளைத் தள்ளிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் வெங்காயத்தாமரையை வாங்க, விற்க, வளர்க்கத் தடை போட்டது. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான். ஆனால் அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வாங்க ஆளில்லை என்றால் நர்சரி அண்ணன் நாளைக்கே வேறு செடிக்கு மாறிவிடுவார். டிமாண்ட் இல்லாத இடத்தில் சப்ளை ஏது?

சரி, என்னதான் வளர்க்கலாம்?

'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடக் கூடாது. நல்ல செய்தி என்னவென்றால், இந்த மண்ணின் நீர்ச்செடிகளே அழகில் எதற்கும் குறைந்தவை இல்லை. தாமரை இந்தியாவின் தேசிய மலர். நீல அல்லி இலங்கையின் தேசிய மலர். வெள்ளை அல்லி வங்கதேசத்தின் தேசிய மலர். மூன்று நாட்டு தேசிய மலரையும் ஆரணியில் ஒரே முற்றத்தில் வளர்க்கலாம்! கரையோரத் தொட்டிக்கு வசம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி இருக்கவே இருக்கின்றன. பின்னது இரண்டும் சமையலுக்கும் ஆகும்.

முதலில் தாமரைக்கும் அல்லிக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். தாமரை இலை வட்டமாக, பிளவு இல்லாமல் இருக்கும். வளர்ந்தபின் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும். காம்பில் சொரசொரப்பான முள் இருக்கும். அல்லி இலையில் ஒரு பிளவு இருக்கும், தண்ணீர்மேல் படுத்திருக்கும்.

1. தொட்டி: தாமரைக்கு இரண்டடி அகலம், ஓரடி ஆழமாவது வேண்டும். அடியில் ஓட்டை கூடாது. தோட்டத்தில் பெரிய குளமே இருந்தாலும் தாமரையைத் தனி டப்பில் நட்டு உள்ளே இறக்குங்கள். இல்லையென்றால் கிழங்கு ஓடிக் குளம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

2. மண்: களிமண்தான் சரி. ஐந்து, ஆறு அங்குலம் போதும். தென்னைநார்க் கழிவு, மக்காத எரு போட்டால் மிதக்கும், அழுகும், நாறும். ஏரி வண்டல் நல்லதுதான், ஆனால் வெங்காயத்தாமரை படர்ந்த ஏரியில் இருந்து எடுக்காதீர்கள். சேற்றோடு அதன் விதையும் வீட்டுக்கு வந்துவிடும். வயல் களிமண் பாதுகாப்பானது.

3. நடுவது: தை, மாசியில் நட்டால் கோடை வெயிலில் நன்றாக வளரும். கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். குருத்து நுனி ஒடிந்துவிடக் கூடாது, மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மிதக்காமல் இருக்க மேலே ஒரு சின்னக் கல் போதும். முதலில் மூன்று, நாலு அங்குலம் தண்ணீர். இலை உயர உயரத் தண்ணீரையும் ஏற்றுங்கள்.

4. வெயில்: தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். 'இலை நிறைய வருது, பூவே வரல' என்பவர்கள் தொட்டியை நிழலில் இருந்து நகர்த்திப் பார்க்கட்டும்.

5. உரம்: இலைகள் எழுந்து நிற்கும்வரை எதுவும் வேண்டாம். பிறகு ஒரு சிட்டிகை டிஏபியைக் காகிதத்தில் மடித்துக் களிமண்ணுக்குள் ஆழமாக அழுத்துங்கள். தண்ணீரில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து.

6. பச்சைத் தண்ணீர்: ஆரம்பத்தில் தண்ணீர் பச்சையாவது சகஜம். பயந்துபோய்த் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். இலைகள் பாதிப் பரப்பை மூடியதும் தானாகத் தெளியும். ஆவியாகிக் குறைந்ததை மட்டும் நிரப்புங்கள். சாயப் பாத்திரம் அலசிய தண்ணீர், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

7. இலை வெட்டுவது: பழுத்த இலையை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். தாமரைக் காம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே வெட்டுங்கள். உள்ளே குழாய் மாதிரி துளைகள் இருப்பதால், கீழே வெட்டினால் தண்ணீர் புகுந்து கிழங்கு அழுகும்.

கொசு?

அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவர்கள் கேட்பது சரியும்கூட. டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வைத்திருந்து பிறகு மீனை விடுங்கள். மீனைக் கொல்லும் கொசு மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கப்பியும் வெளியூர் மீன்தான், அதனால் செடிக்குச் சொன்ன அதே விதி மீனுக்கும்: ஏரியில் விடக் கூடாது.

மிதக்கும் செடிகளுக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. மான்சோனியா என்ற கொசுவின் புழு, பிஸ்டியா, வெங்காயத்தாமரை போன்றவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு அதன் வழியாகவே மூச்சு விடும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. 1980களில் கேரளாவின் சேர்த்தலையில், புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையத்தினர் மக்களோடு சேர்ந்து குளங்களில் களையை எடுத்து, மீன் வளர்க்க வைத்தார்கள். குளம் சுத்தமானது, மீன் விற்றுக் காசும் கிடைத்தது. நல்ல விஷயம் லாபத்தோடு வந்தால் மக்கள் தாங்களே செய்வார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள்?

குற்றவாளி மாதிரி உட்கார வேண்டாம். தெரியாமல் வாங்கியதுதானே. செடிகளை மொத்தமாக வெளியே எடுங்கள். பூத்தண்டு இருந்தால் விதை விடுமுன் நறுக்கித் தனியாகக் கட்டிவிடுங்கள். மீதியை மொட்டைமாடித் தரையில் பரப்பிச் சில நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். ஆரணி வெயிலுக்கு இந்த வேலை ஒன்றும் கஷ்டமில்லை! நன்றாகக் காய்ந்தபின் மற்ற குப்பையோடு மட்க வைக்கலாம். தொட்டி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், வடிகட்டி வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். ஒரு துண்டு தப்பினாலும் அதில் இருந்து திரும்ப முளைக்கும்.

'ஒரு வீட்டுத் தொட்டியால் ஏரி கெட்டுவிடுமா? ஏரிக்கு ஆக்கிரமிப்பு இருக்கு, கழிவு இருக்கு, குப்பை இருக்கு. அதை எல்லாம் விட்டுட்டு எங்க டப்பைப் பிடிச்சுக்கிட்டு...' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவை எல்லாம் பெரிய பிரச்சினைகள், அவற்றுக்கு அரசாங்கம் வேண்டும், கோர்ட் வேண்டும், வருஷங்கள் வேண்டும். தொட்டிக்கு எதுவுமே வேண்டாம். கடையில் நிற்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "அண்ணே, இது தொட்டியை விட்டு வெளியே போனா என்ன ஆகும்?"

அந்தக் கேள்விக்கு "தானா பெருகும்" என்று பதில் வந்தால், அந்தச் செடியை அங்கேயே வைத்துவிட்டுத் தாமரைக் கிழங்கை வாங்கிக்கொண்டு வாருங்கள். பூக்க நாளாகும்தான். பட்டுப்புடவையும் ஒரே நாளில் தறியை விட்டு இறங்குவதில்லையே!